இசைக் கேள்விகள்: ஸ்டேப்பிள் குடும்பத்தின் பாட்டைக் கொண்டாடுவோருக்கு

கூடல்நகர் வாசகர் ஒருவர், ஆண்டுதோறும் ஜூலை 10ஆம் தேதி மாலையில் தம் வீட்டு மொட்டைமாடியில் நண்பர்களைக் கூட்டி, ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினக் குடும்பக் குழுவின் பாடல்களைக் கேட்டு மகிழ்வதாகச் சென்ற இதழில் எழுதியிருந்தார். அந்த நாள், குழுவின் முதன்மைப் பாடகி மாவிஸ் ஸ்டேப்பிள்ஸின் பிறந்தநாள். தந்தை, மூன்று மகள்கள், ஒரு மகன் என்று ஒரே வீட்டார் பாடிய அந்தக் குழுவைப் பற்றி, கடிதம் வெளியானதும் மதுரையிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, மற்றவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

ஆனையூர் வாசகி: இந்த ஆண்டு நாங்களும் அந்தக் கூட்டத்துக்குப் போகிறோம். எங்களில் பாதிப் பேர் இந்தக் குழுவைக் கேள்விப்பட்டதே இல்லை. எந்தப் பாடலிலிருந்து தொடங்கினால் பிடிபடும்? மிகவும் புகழ்பெற்ற பாடலையே முதலில் ஒலிக்கவிடலாமா?

வேண்டாம். 1972ஆம் ஆண்டு அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடத்தைப் பிடித்த 'ஐல் டேக் யூ தேர்' முதலில் ஒலித்தால், வந்தவர்கள் அதை நல்லதொரு ஆட்டப் பாட்டாகக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, மாவிஸின் குரலை மட்டும் மெச்சிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கிவிடுவார்கள். 1956இல் பதிவான 'அன்க்ளௌடி டே' என்ற பக்திப் பாடலிலிருந்து தொடங்குங்கள். ஒரு கிதாரும் ஒரு வீட்டாரின் குரல்களுமே அதில் முன்னிற்கின்றன. பாடலின் நடுவே ஆழமும் கனமுமாக ஒரு குரல் எழுந்து வரும். அன்றைக்கு வானொலியில் அதைக் கேட்டவர்கள் நடுவயது ஆண் ஒருவர் பாடுவதாகவே நம்பினார்கள். பாடியவரோ பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மாவிஸ்.

கதையை முன்கூட்டியே சொல்லிவிட்டால் கேட்பவர்களுக்கு உதவியாக இருக்கும். தந்தை ரோபக் ஸ்டேப்பிள்ஸ், அதாவது எல்லாரும் 'பாப்ஸ்' என்று அழைத்தவர், 1914 டிசம்பர் 28 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் வினோனா என்ற ஊருக்கு அருகே பிறந்தார். (அவருடைய அண்ணன் பெயர் சியர்ஸ். இருவர் பெயரையும் சேர்த்துச் சொன்னால், தபால் மூலம் ஊர் ஊராகச் சரக்கு விற்ற அக்காலத்துப் பெரிய நிறுவனத்தின் பெயர் வரும். பெற்றோருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.) டாக்கரி என்ற பருத்திப் பண்ணையில் வளர்ந்தபோது, அங்கே வாசித்துக்கொண்டிருந்த சார்லி பேட்டன் என்ற புளூஸ் (கறுப்பின மக்களின் நாட்டுப்புற இசை) கலைஞரைக் கேட்டுக் கிதார் பழகினார். 1930களின் நடுவில் குடும்பத்தோடு சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து, இறைச்சிக் கூடங்களிலும் எஃகு ஆலையிலும் உழைத்தார். அங்கே ஆண்கள் மட்டுமே பாடும் பக்திக் குழு ஒன்றில் சேர்ந்தார். உறுப்பினர்கள் ஒத்திகைக்கு ஒழுங்காக வராததில் சலித்துப்போய், அடகுக் கடையில் மலிவாக ஒரு கிதார் வாங்கி வந்து, பிள்ளைகளையே தரையில் வட்டமாக உட்காரவைத்து, கிதாரில் ஒவ்வொரு சுரமாக எடுத்துக் கொடுத்து, இது உனக்கு, இது உனக்கு என்று குரலைப் பிரித்துக் கற்பித்தார். முதலில் கற்பித்த பாடல் 'வில் த சர்க்கிள் பி அன்புரோக்கன்'. 1948இல் அவர்கள் தேவாலயத்தில் பாடத் தொடங்கினார்கள்.

இந்தப் பங்கீட்டை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டேப்பிள் குடும்பத்தின் எந்தப் பாடலைக் கேட்டாலும், முன்னால் நிற்கும் குரலை விட்டுவிட்டு, அதற்கு விடை சொல்லும் குரல்களையும் இடையில் வந்து போகும் கிதாரையும் ஒரு தடவை தனியாகக் கேட்டுப் பாருங்கள். மாவிஸ் பெரிய பாடகி. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அவர் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வந்து நிற்பதற்கு ஒரு தரையை அந்தப் பின்பாட்டுதான் போட்டுக் கொடுக்கிறது.

திருப்பரங்குன்றம் வாசகர்: பாப் டிலன் மாவிஸை மணக்க விரும்பினார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், மாவிஸே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் இசையவில்லை. 2016இல் இருவரும் ஒரே கச்சேரிப் பயணத்தில் ஊர் ஊராகப் பாடினார்கள்.

பசுமலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: தேவாலயத்தில் பாடி வளர்ந்த குடும்பம் பிறகு கேளிக்கை இசைக்குப் போனது முறைதானா? எங்கள் சபையில் இளைஞர்கள் இந்தப் பாடல்களைக் கேட்பதை மூத்தவர்கள் சிலர் விரும்பவில்லை.

ஐயா, இந்த வழக்கு அந்தக் குடும்பத்தின் மேலேயே தொடுக்கப்பட்டதுதான். 1968இல் மெம்ஃபிஸ் நகரத்தின் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்து, முரசும் பித்தளைக் குழல்களும் முழங்கப் பாடத் தொடங்கியபோது, இவர்கள் பிசாசின் இசைக்குப் போய்விட்டார்கள் என்று சபையினர் பலர் சினந்தார்கள். 'ஐல் டேக் யூ தேர்' பாட்டில், யாரும் அழாத, யாரும் கவலைப்படாத ஓர் இடத்துக்கு உன்னை அழைத்துச் செல்கிறேன் என்றுதானே பாடுகிறோம், அந்த இடம் மோட்சம் இல்லாமல் வேறு எது என்பதே மாவிஸின் விடையாக இருந்தது. எனக்கு அந்த விடை போதுமானதாகப் படுகிறது. பாடலின் பொருளை மாற்றாமல், அதைக் கேட்கக்கூடியவர்களின் எண்ணிக்கையை மட்டும் பெருக்கினார்கள்.

உங்கள் ஊரிலிருந்து சற்றுத் தொலைவில், அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவுவை உங்கள் சபை மூத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 'பரட்டை' என்று அன்போடு அழைக்கப்பட்ட அவர், நாட்டுப்புற மெட்டுகளையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். தெருவின் இசையை அவர் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். பாப்ஸ் கோயிலின் இசையைத் தெருவுக்கு அழைத்து வந்தார். ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றொன்றை மறுப்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

ஒரே ஓர் இடத்தில் மூத்தவர்கள் பக்கம் நான் சாய்வேன். 1975இல் பாடகரும் பாடலாசிரியருமான கர்டிஸ் மேஃபீல்ட் ஒரு திரைப்படத்துக்காக எழுதி இவர்களைப் பாடவைத்த 'லெட்ஸ் டூ இட் அகெய்ன்' வெளிப்படையான காதல் பாடல். அதன் வரிகளைப் பாட பாப்ஸே தயங்கினார். மேஃபீல்ட் பேசிப் பேசித்தான் இணங்கவைத்தார். அந்தப் பாடலும் வரிசையில் முதலிடம் பிடித்தது. மெட்டு பட்டுப்போல இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சபை இளைஞர்கள் அதைக் கேட்டால் நீங்கள் கொஞ்சம் கோபித்துக்கொள்ளலாம்.

வாடிப்பட்டி வாசகர்: மார்ட்டின் லூதர் கிங்குடன் இவர்களுக்கு உண்மையிலேயே தொடர்பு இருந்ததா, அல்லது பிற்காலத்தில் விளம்பரத்துக்காகச் சொல்லப்பட்டதா?

நேரடித் தொடர்பு இருந்தது. 1963இல் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகருக்குப் பாடப் போனபோது, பாப்ஸ் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிங்கின் ஞாயிறு ஆராதனைக்குச் சென்றார். அன்று அறைக்குத் திரும்பியதும், இவர் பிரசங்கத்தில் சொல்வதை நம்மால் பாட்டில் சொல்ல முடியும் என்று பிள்ளைகளிடம் சொன்னார். அதன்பின் கிங் பேசும் கூட்டங்களில் அவருக்கு முன்னால் இவர்கள் பாடினார்கள். 1957இல் லிட்டில் ராக் நகரத்தில் வெள்ளையர் பள்ளியில் சேரப் போன ஒன்பது கறுப்பின மாணவர்கள் தடுக்கப்பட்டதை நினைத்துப் பாப்ஸ் இயற்றிய 'ஒய் ஆம் ஐ ட்ரீட்டட் சோ பேட்' என்ற பாடல் கிங்குக்கு மிகப் பிடித்தது. கூட்டத்துக்கு முன் அதைப் பாடச் சொல்லிக் கேட்பார். 1965 மார்ச் மாதம் செல்மாவிலிருந்து மான்ட்கோமரி வரை நடந்த வாக்குரிமை நடைப்பயணத்துக்காக 'ஃப்ரீடம் ஹைவே' பிறந்தது. பயணம் முடிந்த சில வாரங்களில், சிகாகோவின் நியூ நாசரேத் தேவாலயத்தில் மக்கள் முன்னிலையில் அதைப் பதிவு செய்தார்கள். அந்த ஆராதனை முழுவதும் 2015இல் மறுபடியும் வெளியிடப்பட்டது. கைதட்டல், இருமல், போதகரின் காணிக்கை அறிவிப்பு எல்லாம் சேர்ந்த பதிவு அது. உங்கள் கூட்டத்தில் நேரம் இருந்தால் தொடர்ச்சியாகக் கேளுங்கள்.

நீங்கள் வாடிப்பட்டி என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கிங் 1959இல் இந்தியா வந்தபோது, உங்கள் ஊர் வழியாகத் திண்டுக்கல் போகும் சாலையில் இருக்கும் காந்திகிராமத்துக்கும் வந்திருந்தார். அப்போது அது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்னொன்று: வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த நாள் 1939 ஜூலை 8, மாவிஸ் பிறந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. இவை வெறும் தற்செயல்கள்தாம். ஆனாலும் மதுரையில் ஒரு மொட்டைமாடியில் இந்தப் பாடல்களைக் கேட்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

தல்லாகுளத்திலிருந்து கல்லூரி மாணவர்: நான் கிதார் பழகுகிறேன். பாப்ஸின் கிதார் நீருக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் நடுங்குகிறது. விரலால் கம்பியை அசைத்துப் பார்த்தேன். அந்த ஒலி வரவில்லை. எப்படி வாசித்தார்?

தம்பி, விரலைக் குற்றம் சொல்ல வேண்டாம். அந்த நடுக்கத்தை உண்டாக்குவது விரல் அல்ல. நீங்கள் கம்பியை அசைக்கும்போது மாறுவது சுருதி. நம் கமகத்திலும் அசைவது சுருதியே. பாப்ஸின் கிதாரில் சுருதி நின்ற இடத்திலேயே நிற்க, ஒலியின் அளவு மட்டும் ஒரு நொடிக்குள் பலமுறை ஏறி இறங்குகிறது. இதற்கு ட்ரெமோலோ என்று பெயர். அக்காலத்து ஆம்ப்ளிஃபையர்களுக்குள்ளேயே இதற்கான மின்சுற்று இருந்தது. வேகத்துக்கு ஒரு குமிழ், ஆழத்துக்கு ஒரு குமிழ். இன்று அதே வேலையைச் செய்யும் பெடல் தனியாகக் கிடைக்கிறது. கைப்பேசிச் செயலிகளிலும் இந்த வசதி உண்டு. பழகுவதற்கு அது போதும். ஒரு குழப்பத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஃபெண்டர் நிறுவனம் தன் ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் இந்தக் குமிழுக்கு மேல் 'விப்ராட்டோ' என்று தவறான பெயரை அச்சிட்டுவிட்டது. பெயரைப் பார்த்து ஏமாறாமல், சுருதி அசைகிறதா ஒலி அளவு அசைகிறதா என்று காதால் தெரிந்துகொள்ளுங்கள்.

கருவியை வாங்கிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. எஞ்சிய பாதி, எதை வாசிக்காமல் விடுகிறோம் என்பதில் இருக்கிறது. பேட்டனைப் போன்ற மிசிசிப்பி டெல்டாப் பகுதிப் புளூஸ் கலைஞர்கள் ஒற்றை ஆளாக மேடையேறியவர்கள். தாளத்துக்கும் மெட்டுக்கும் சேர்த்து ஒரே கிதாரைப் போட்டு அடித்தார்கள். பாப்ஸிடம் நான்கு குரல்கள் இருந்தன. ஆகவே அவர் தம் வாசிப்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். இரண்டு மூன்று சுரங்களை எடுத்துக் கொடுப்பார், குரல்கள் பாடி முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒரு சிறு சங்கதியைச் செருகுவார், பிறகு ஒதுங்கிவிடுவார். சுரத்தை மீட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டால், மறையும் வரையில் அந்த ஒலியை ட்ரெமோலோ துடிக்கவைத்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு கேட்க வேண்டுமானால் சுற்றிலும் இடம் வேண்டும். வேகமாக வாசித்தால் அது வெறும் கரகரப்பாகப் போய்விடும். இளைஞர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்: பெடலை மிதித்துவிட்டு, ஒரு நொடியும் சும்மா இருக்க மாட்டேன் என்று கம்பிகளை வதைக்கிறார்கள். ட்ரெமோலோவின் வேகத்தைப் பாடலின் காலப்பிரமாணத்தோடு ஏறக்குறைய பொருந்தும்படி வைத்து, யாரையாவது பக்கத்தில் பாடச் சொல்லி, அவர் வாய் மூடியிருக்கும்போது மட்டுமே வாசிப்பது என்ற விதியோடு ஒரு வாரம் பழகுங்கள். பாப்ஸ் தம் கடைசிக் காலத்தில் பதிவு செய்துவைத்த பாடல்கள், அவர் 2000 டிசம்பரில் மறைந்து வெகுகாலம் கழித்து, 2015இல் 'டோன்ட் லூஸ் திஸ்' என்ற தொகுப்பாக வெளிவந்தன. எண்பது வயதைக் கடந்த மனிதரின் விரல்கள் எவ்வளவு குறைவாக அசைந்து எவ்வளவு சொல்கின்றன என்பதை அதில் கேட்கலாம்.

திருநகர் வாசகர்: 'ஐல் டேக் யூ தேர்' பாடலைக் கேட்டேன். சொற்கள் ஒரு தாளின் கால் பக்கத்துக்குக்கூட வரவில்லை. சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும் இந்தப் பாட்டை ஏன் இத்தனை பேர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்?

நீங்கள் சொல்லும் குறை உண்மையிலேயே அந்தப் பாடலில் இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு சரணம், சுரக்கட்டுகள் (கிதார்காரர்கள் 'கார்டு' என்பவை) இரண்டே, தொடக்கம் முதல் முடிவு வரை அவையே மாறி மாறி வருகின்றன. தொடக்கப் பகுதிகூடச் சொந்தம் அன்று. 1969இல் வெளிவந்த 'லிக்விடேட்டர்' என்ற ஜமைக்கா நாட்டு வாத்திய இசையிலிருந்து அதை எடுத்தாண்டிருக்கிறார்கள். அந்த ஜமைக்கக் கலைஞர்களின் பெயர் பாடலாக்கத்தில் இடம்பெறவில்லை என்பது, இதைக் கொண்டாடுவோர் சொல்லாமல் தாண்டிப்போகும் செய்தி. நீங்கள் கூட்டம் நடத்தினால் அந்த வாத்திய இசையையும் முதலில் ஒலிக்கவிடுங்கள்.

பாடலாசிரியராகப் பதிவானவர், ஸ்டாக்ஸ் நிறுவனத்தை நடத்திய ஆல் பெல். தம் தம்பியை அடக்கம் செய்துவிட்டு, லிட்டில் ராக்கில் தந்தையின் வீட்டுப் பின்புறத்தில் நின்றுகொண்டிருந்த பழைய பேருந்தின் மேல் உட்கார்ந்திருந்தபோது இந்த வரிகள் வந்ததாகவும், அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அலபாமாவின் மஸில் ஷோல்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அந்த அரைகுறைப் பாட்டோடு போனார்கள். எழுத வேண்டியது எழுதப்படாமல் நின்றதால், நிரப்பும் பொறுப்பு பாடுகிறவருக்கும் வாசிக்கிறவர்களுக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே சரணம் முடிந்த பிறகு மாவிஸ் ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்குகிறார். பேஸ் கிதார் வாசித்த டேவிட் ஹூடைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் துணைக்கு வரச் சொல்கிறார். அவர் பேஸில் தனியாக ஒரு சுற்று வருகிறார். கிதார் வரும் இடத்தில் 'டாடி' என்று அப்பாவை அழைக்கிறார். ஆனால் பதிவில் அந்தக் கிதாரை வாசித்தவர் எடி ஹிண்டன் என்ற இன்னொருவர். மாவிஸுக்குக் கிதார் என்றாலே அப்பாதான். ஹூடும் முரசு வாசித்த ரோஜர் ஹாக்கின்ஸும் ஹிண்டனும் வெள்ளையர்கள், கிங் கொல்லப்பட்டு நான்கு ஆண்டே ஆகியிருந்த காலம், இடம் அலபாமா. ஒரு கறுப்பினப் பெண் பெயர் சொல்லி அழைக்க, அவர்கள் வாசிப்பால் விடை சொல்கிறார்கள்.

முளைப்பாரி வளர்க்கும் நாட்களில் நம் ஊர்ப்பெண்கள் கும்மியடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். ஒரே அடி எத்தனையோ சுற்று வரும். அதைத் தாளில் எழுதிப் பார்த்து, சொல் குறைவு என்று யாரும் குறை சொல்வதில்லை. இந்தப் பாடலையும் தாளில் வைத்துப் பார்க்காமல், மாவிஸ் ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் பின்னால் அக்காமார் கிளியோதாவும் இவோனும் அந்த ஒரே வாக்கியத்தை எப்படி அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் கொஞ்சம் அலங்காரம் செய்திருந்தாலும் பாடல் குலைந்திருக்கும். சொல் நிறைந்த பாடல்தான் வேண்டுமென்றால், முந்தைய ஆண்டில் வந்த 'ரெஸ்பெக்ட் யுவர்செல்ஃப்' இருக்கிறது. அதில் முதல் சரணத்தை அப்பா தாழ்ந்த குரலில் அறிவுரைபோலச் சொல்ல, அடுத்த சரணத்தில் மகள் அதையே உரத்துக் கண்டிக்கிறார். வீட்டில் வளர்ந்த பிள்ளை உள்ளவர்கள் இந்த வேலைப் பங்கீட்டை உடனே புரிந்துகொள்வார்கள்.

உசிலம்பட்டி வாசகர்: நம் பக்கத்தில் பண்ணைப்புரத்துப் பாவலர் சகோதரர்களும் குடும்பமாகத்தானே ஊர் ஊராகப் பாடினார்கள்? இரண்டையும் ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், ஓரளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. பண்ணைப்புரம் அந்நாளில் மதுரை மாவட்டத்து ஊர். மூத்தவர் பாவலர் வரதராசன், தம்பிமார் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் ஆகியோரை அழைத்துக்கொண்டு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடினார். மூத்தவர் ஒருவர் வீட்டுப் பிள்ளைகளைக் குழுவாக்கியது, ஓர் இயக்கத்தின் கூட்டங்களுக்கு முன் பாடியது, மக்களுக்குத் தெரிந்த மெட்டிலேயே புதிய செய்தியைச் சொன்னது ஆகியவற்றில் இரு குடும்பங்களும் மிக நெருங்கி நிற்கின்றன. பிரிகிற இடமும் முக்கியம். பண்ணைப்புரத்துத் தம்பிமார் பின்னாளில் திரைக்குப் போனார்கள். ஸ்டேப்பிள் குடும்பம், மகன் பர்விஸ் ஒருவரைத் தவிர, தந்தை இருக்கும் வரை கலையவே இல்லை. இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்காதீர்கள். வரதராசனின் குரல் பாப்ஸின் குரலைப்போல் இசைத்தட்டுகளில் விரிவாகப் பதிவாகி நமக்குக் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் மட்டும் எனக்கு உண்டு.

சோழவந்தான் பாட்டி ஒருவர்: பேரன் என்னையும் அந்தக் கூட்டத்துக்கு வரச்சொல்கிறான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் போய் என்ன செய்ய?

அம்மா, நீங்கள் அவசியம் போக வேண்டும். மாடிப்படி ஏற முடியுமென்றால் போய், நல்ல நாற்காலியாகக் கேட்டு வாங்கி உட்காருங்கள். கோயில் திருவிழாவில் அடி எடுத்துக் கொடுக்கவும் குலவையிடவும் தெரிந்த உங்களுக்கு, எந்த இடத்தில் எதிர்க்குரல் வர வேண்டும் என்பது பேரனைவிட முன்னாலேயே தெரிந்துவிடும்.

திருமங்கலம் வாசகி: எங்கும் மாவிஸ் பெயர்தான் அடிபடுகிறது. மற்றவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுக்கும் ஒரு நாள் கொண்டாட வேண்டாமா?

உங்கள் கேள்விக்காகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டலாம் என்று தோன்றியது. தொடக்கத்தில் முன்குரல் மாவிஸுடையது அன்று, பர்விஸுடையது. வயதுக்கு வந்து அவர் குரல் உடைந்து, உச்ச சுரங்கள் எட்டாமல் போனபோதுதான் தந்தை அந்த இடத்தைத் தங்கைக்குக் கொடுத்தார். பர்விஸ் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பின்குரலில் நின்றார், 1970ஐ ஒட்டி விலகிச் சிகாகோவில் சொந்தத் தொழிலையும் வேறு குழுக்களின் பொறுப்பையும் பார்த்துக்கொண்டார், 2021இல் மறைந்தார். அவர் விட்ட இடத்தை நிரப்பியவர் இவோன். பாடுவதில் அவருக்கு ஒருபோதும் பெரிய ஆசை இருந்ததில்லை. கணக்கும் ஒப்பந்தமும் பார்ப்பதுதான் பிடித்த வேலை. தேவைப்பட்டபோது வந்து நின்றார், அவ்வளவே. தந்தை மறைந்த பிறகு மாவிஸ் ஒடிந்துபோய்ப் பாட்டையே விட்டுவிடும் நிலையில் இருந்தபோது, அப்பா இதை விரும்புவாரா என்று கடிந்துகொண்டு எழுப்பி மேடைக்கு அனுப்பியவரும், பிறகு அந்த மேடையிலேயே பின்குரல் பாடியவரும் இவோன்தான். 2018இல் அவரும் மறைந்தார். மூத்தவர் கிளியோதாவின் மெல்லிய உயர்குரல், மாவிஸின் கனத்த குரலுக்கு மேல் ஒரு கம்பிபோல ஓடுவதைப் பழைய பதிவுகளில் கேட்கலாம். அவர் 2013இல் காலமானார்.

குழுவாக அவர்கள் 1999இல், பாப்ஸ் இருக்கும்போதே, அமெரிக்காவின் ராக் இசை மதிப்பு மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் போட்டியில் வென்று பெறும் கிராமி விருது குழுவுக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. பாப்ஸுக்குத் தனியாக 1995இல் கிடைத்தது, மாவிஸுக்கு 2011இல். பாடத் தொடங்கி அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரே மாவிஸுக்கு அது வந்து சேர்ந்தது என்பதை, பரிசுக் குழுக்களின் காது எவ்வளவு மந்தம் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். தனி நாள் கொண்டாட விரும்பினால் பாப்ஸ் பிறந்த டிசம்பர் 28 இருக்கிறது. மதுரையில் மார்கழிப் பனி இறங்கும் காலம். மாடியில் உட்கார ஜூலையைவிட நல்லது.

கூடல்நகரிலிருந்து கூட்டத்தை நடத்தும் வாசகரே மறுபடியும்: இந்த முறை கேட்பதோடு நிற்காமல் நாங்களே ஒரு பாடலைப் பாடலாம் என்று இருக்கிறோம். யாருக்கும் முறையான பயிற்சி இல்லை. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

'வில் த சர்க்கிள் பி அன்புரோக்கன்' பாடுங்கள். பயிற்சி இல்லாத பிள்ளைகளுக்கென்றே பாப்ஸ் தேர்ந்தெடுத்த பாடல் அது. அது இறந்துபோன தாயின் பாடை வீட்டைவிட்டுப் போவதைப் பற்றிய பாடல் என்பதை வந்தவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பிறந்தநாள் கூட்டத்தில் சிரித்துக்கொண்டே பாடிவிடுவார்கள். நன்றாகப் பாடுகிறவர் ஒருவரை முன்குரலுக்கு வைத்துவிட்டு மற்றவர்களைக் கைதட்டச் சொல்லும் வழக்கத்தைக் கைவிட்டு, முதலில் பின்குரலை அமையுங்கள். தல்லாகுளத்துத் தம்பி வருவதாக இருந்தால், கிதாரில் மூன்று சுரங்களை நிதானமாக எடுத்துக் கொடுக்கட்டும். யாருக்கு எந்தச் சுரம் வலியில்லாமல் நிற்கிறதோ அவர் அதைப் பிடித்துக்கொள்ளட்டும். அடுத்தவர் சுரத்துக்குத் தாவக் கூடாது என்பது மட்டுமே விதி. மூன்று சுரமும் அலையாமல் நிற்கும் வரை முன்குரல் வாய் திறக்க வேண்டாம். சோழவந்தான் அம்மாவுக்குக் கீழ்ச்சுரத்தைக் கொடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படித் தடை உண்டு என்பதால், இசைத்தட்டுகளை முன்னதாகவும் உங்கள் பாட்டைக் கடைசியாகவும் வைத்துக்கொள்வது நல்லது.